ஒரே கட்டளை, எத்தனை டெர்மினல்கள்!

எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?

லினக்ஸ் நிறுவிச் சில மாதம் பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. மென்பொருள் கடையில் ‘டெர்மினல்’ என்று தேடினால் க்னோம் டெர்மினல், கான்சோல், எக்ஸ்டெர்ம், டெர்மினேட்டர், டிலிக்ஸ், அலாக்ரிட்டி, கிட்டி, ஃபுட், வெஸ்டெர்ம் என்று வரிசை கட்டி வருகின்றன. எதைத் திறந்தாலும் ஒரு கறுப்பு விண்டோ, ஒரு டாலர் குறி, மினுக்கிக்கொண்டிருக்கும் கர்சர். ‘எல்எஸ்’ என்று அடித்தால் எல்லாவற்றிலும் அதே ஃபைல் பட்டியல்தான் வருகிறது. பிறகு எதற்கு இத்தனை? என்னுடையதுதான் மேல் என்று ஆளாளுக்கு அடித்துச் சொல்கிறார்களே, அப்படி என்ன வித்தியாசத்தைக் கண்டார்கள்?

பதிலுக்குப் போகுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாம் அடிக்கும் கட்டளையை டெர்மினல் நிறைவேற்றுவதில்லை. அதற்குள் ஓடும் ‘ஷெல்’ என்ற வேறொரு நிரல்தான் அதைச் செய்கிறது. பெரும்பாலான கணினிகளில் அது பாஷ். டெர்மினலுக்கு இரண்டே வேலை: விசைப்பலகையில் விழுந்ததை ஷெல்லிடம் சேர்ப்பது, ஷெல் திருப்பி அனுப்புவதைத் திரையில் வரைவது. ஆகவே டெர்மினலை மாற்றினால் ஃபைல் சீக்கிரம் காப்பி ஆகும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. வித்தியாசம் என்று ஒன்று இருந்தால் இந்த இரண்டு வேலைக்குள்தான் இருந்தாக வேண்டும். இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வழக்கமாக எதை வைத்து ஒப்பிடுகிறார்களோ அங்கே அது சொற்பம். அதிகம் பேர் எட்டிப் பார்க்காத இரண்டு மூன்று இடங்களில் பெரிதாக இருக்கிறது. அதிலும் தமிழில் ஃபைல்களுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு மிகப் பெரிது.

இல்லாத பொறியின் வேடம்

டெர்மினல் என்பது ஒரு காலத்தில் மேசைமேல் கனமாக உட்கார்ந்திருந்த பொறி. 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 பார்க்கத் தட்டச்சுப் பொறிபோல இருக்கும். திரை கிடையாது, நொடிக்கு 10 எழுத்து வீதம் காகிதச் சுருளில் அடித்துத் தள்ளும். லினக்ஸில் இன்றும் கண்ணில் படும் ‘டிடிஒய்’ என்ற மூன்றெழுத்து டெலிடைப்பின் சுருக்கம்தான். 1978-இல் டெக் நிறுவனம் விடி100 என்ற திரையுள்ள டெர்மினலைக் கொண்டுவந்தது. குறுக்கே 80 எழுத்து, நெடுக்கே 24 வரி. இந்த 80, ஐபிஎம் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையின் அகலம். இன்று க்னோம் டெர்மினலைத் திறந்தால் முதலில் வரும் விண்டோவும் 80-க்கு 24தான். யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்த அளவில்லை, வழிவழியாக வந்துவிட்டது.

விடி100-இன் செல்வாக்குக்குக் காரணம் அதன் திரையைவிட அது புரிந்துகொண்ட குறியீட்டு மொழி. வரும் எழுத்துகளுக்கு நடுவே ‘எஸ்கேப்’ என்ற 27-ஆம் எண் எழுத்து வந்தால், அடுத்து வருவதைத் திரையில் அடிக்கக் கூடாது, உத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டும். எஸ்கேப், ஒரு சதுர அடைப்புக்குறி, 2 என்ற எண், ‘ஜே’ என்ற எழுத்து: திரையைத் துடை. விடி100 ஒரே நிறத்தில் எழுதிய பொறி. பின்னால் வந்தவை இதே இலக்கணத்தில் நிறங்களையும் சேர்த்துக்கொண்டன. எஸ்கேப், அடைப்புக்குறி, 31, ‘எம்’ என்று வந்தால் இனிமேல் எழுதுவதெல்லாம் சிவப்பு. இவற்றை எஸ்கேப் தொடர்கள் என்று அழைப்போம்.

பொறிகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. அவற்றோடு பேசுவதற்கென்று எழுதிய நிரல்கள் போகவில்லை. அந்த நிரல்களுக்கு எதிரே பழைய பொறிபோல உட்கார்ந்து நடிக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. அதைப் பாவனை டெர்மினல் எனலாம், பேச்சில் வெறும் டெர்மினல். 1984-இல் மார்க் வாண்டவோர்டு எழுதத் தொடங்கி, 1996 முதல் தாமஸ் டிக்கி பராமரித்துவரும் எக்ஸ்டெர்ம் இந்த வகையில் மூத்தது. விடி100 போதாதென்று, 1970-களின் டெக்ட்ரானிக்ஸ் 4014 என்ற வரைபடத் திரைபோலவும் அதற்கு இன்னும் நடிக்கத் தெரியும். கேட்கத்தான் ஆள் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எந்தப் பாவனை முழுமையானது என்று சொல்ல ஒரே ஒரு மூலநூல் கிடையாது. விடி100-க்குப் பின் விடி220 வந்தது. எக்ஸ்டெர்ம் தன் பங்குக்குப் பல தொடர்களைச் சேர்த்தது. கிட்டி இன்னும் சிலவற்றைச் சேர்த்தது. ஒவ்வொரு டெர்மினலும் தனக்குச் சரியென்று பட்ட அளவுக்கு வேடம் கட்டுகிறது. எதிரே இருக்கும் நிரலோ தான் ஒரு குறிப்பிட்ட பொறியோடு பேசுவதாக நம்பிக்கொண்டிருக்கிறது. இருவரின் எண்ணமும் ஒத்துப்போகும்வரை எல்லா டெர்மினலும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அடித்த எழுத்து நேரே திரைக்கு வருவதில்லை

புதிதாக வருபவர்களை ‘சூடோ’ ஒரு விதத்தில் மிரட்டும். பாஸ்வேர்டு கேட்கும், அடித்தால் திரையில் ஒன்றுமே வராது, நட்சத்திரக் குறிகூட இல்லை. லினக்ஸ் மின்ட் போன்ற சில வழங்கல்கள் இதற்காகவே நட்சத்திரம் காட்டும்படி அமைத்துத் தருகின்றன. கீபோர்டு பழுதோ என்று பயப்பட வைக்கும் இந்த அமைதி, டெர்மினல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே அடியில் காட்டிவிடுகிறது.

‘வ’ என்று அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். விசையின் சைகை கெர்னலுக்குப் போகிறது. அங்கிருந்து விண்டோக்களை நிர்வகிக்கும் மென்பொருளுக்கு. தமிழ் அடிப்பதால் நடுவில் ஐபஸ் போன்ற உள்ளீட்டு மென்பொருள் நுழைந்து எந்த விசைக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்கிறது. பிறகுதான் டெர்மினலுக்கு எழுத்து கிடைக்கிறது. கிடைத்ததும் டெர்மினல் அதை வரைந்துவிடுகிறதா என்றால், இல்லை. கெர்னல் உருவாக்கித் தந்திருக்கும் ‘போலி டிடிஒய்’ என்ற இருவழிக் குழலில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது. குழலின் மறுமுனையில் இருக்கும் பாஷ் அதை வாங்கி, தன் வரியில் சேர்த்துக்கொண்டு, “இதைத் திரையில் எழுது” என்று அதே எழுத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்தத் திரும்பி வந்த எழுத்தைத்தான் டெர்மினல் வரைகிறது. நாம் திரையில் பார்ப்பது நம் விரலின் எழுத்தில்லை, எதிரொலி. சூடோ பாஸ்வேர்டு கேட்கும்போது எதிரொலியை நிறுத்தும்படி கெர்னலிடம் சொல்லிவிடுகிறது. அதனால்தான் திரை வெறுமையாக இருக்கிறது.

எதிரொலிக்காகக் காத்திருக்கும் இந்த ஏற்பாடு எஸ்எஸ்ஹெச் வழியாக வெளிநாட்டுச் சர்வரில் வேலை செய்பவர்களுக்கு நன்றாக உறைக்கும். சென்னையிலிருந்து அமெரிக்கச் சர்வருக்கு ஓர் எழுத்து போய்த் திரும்ப 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். இங்கே எந்த டெர்மினலை வைத்திருந்தாலும் அந்தத் தயக்கம் போகாது. எம்ஐடியில் உருவாகி 2012-இல் வெளிவந்த மோஷ் என்ற கருவி, எதிரொலி இன்னதாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுத்தை முன்கூட்டியே அடிக்கோட்டோடு காட்டிவிட்டு, பதில் வந்தபின் கோட்டை எடுத்துவிடும். இத்தகைய வேலை செய்பவருக்கு டெர்மினலை மாற்றுவதைவிட மோஷ் பத்து மடங்கு உபயோகம்.

வேகம் என்றால் எந்த வேகம்?

டெர்மினல்களை ஒப்பிடுபவர்கள் செய்யும் முதல் காரியம், ஒரு பெரிய ஃபைலை ‘கேட்’ கட்டளையால் திரையில் கொட்டி எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது. இதைப் பாய்வேகம் என்போம். இன்னொன்று, ஒரு விசையை அழுத்தியதிலிருந்து எழுத்து திரையில் தெரியும்வரை ஆகும் நேரம். இது மறுமொழித் தாமதம். ஒரு குழாய் மணிக்கு எத்தனை குடம் நிரப்பும் என்பது வேறு, திறந்தவுடன் தண்ணீர் வருகிறதா என்பது வேறு. முதலாவதில் கெட்டிக்காரக் குழாய் இரண்டாவதிலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒப்பீடுகளில் பாதி இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பயனற்றுப் போகின்றன.

2017 ஜனவரியில் ஜோ வில்ம் அறிமுகப்படுத்திய அலாக்ரிட்டி, இருப்பவற்றிலேயே வேகமான டெர்மினல் என்ற முழக்கத்தோடு வந்தது. எழுத்துகளை வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைத்தது அதன் புதுமை. கிட்டியும் பின்னால் வந்த கோஸ்ட்டியும் அதே வழிதான். கிராஃபிக்ஸ் சிப் என்றாலே வேகம் என்ற எண்ணம் இங்கிருந்து பரவியது. ஆனால் 2018-இல் எல்டபிள்யூஎன் இதழில் அன்த்வான் போப்ரே பல டெர்மினல்களின் மறுமொழித் தாமதத்தை அளந்து எழுதியபோது, முன்வரிசையில் நின்றவை எக்ஸ்டெர்மும் எம்எல்டெர்மும். இரண்டும் பழையவை, இரண்டுக்கும் கிராஃபிக்ஸ் சிப்பின் துணை கிடையாது. விண்டோக்களை நிர்வகிக்கும் புதிய முறையான வேலேண்டுக்கென்றே எழுதப்பட்ட ஃபுட் டெர்மினலும் சாதாரணச் செயலியிலேயே வரைகிறது. திரையில் எந்தக் கட்டங்கள் மாறினவோ அவற்றை மட்டும் தொடுகிறது. ஒரு விசைக்கு ஒரு கட்டம்தான் மாறுகிறது என்னும்போது, அதை வரைய கிராஃபிக்ஸ் சிப்பை எழுப்பித்தான் ஆக வேண்டுமா என்ன?

மானிட்டர் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது என்றால் ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 16.7 மில்லிசெகண்டு. எழுத்து தயாராகிவிட்டாலும் அடுத்த புதுப்பிப்புவரை நிற்க வேண்டும். சராசரியாக 8 மில்லிசெகண்டு அதிலேயே போய்விடும். நொடிக்கு 125 முறை கேட்கப்படும் யுஎஸ்பி கீபோர்டு தன் பங்குக்கு 8 மில்லிசெகண்டுவரை எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டிலும் டெர்மினலுக்குப் பங்கே இல்லை. டெர்மினல் கெடுக்கக்கூடிய இடம், எழுத்து கையில் வந்தபின்னும் “இன்னும் ஏதாவது வருகிறதா பார்ப்போம்” என்று வரையாமல் வைத்திருப்பது. க்னோம் டெர்மினல், எக்ஸ்எஃப்சிஇ டெர்மினல், டெர்மினேட்டர், டிலிக்ஸ் எல்லாமே விடிஇ என்ற ஒரே நூலகத்தின்மேல் கட்டியவை. அந்த நூலகம் நெடுநாளாக மானிட்டரின் தாளத்தோடு சேராமல் தன் சொந்தக் கடிகாரப்படி வரைந்துகொண்டிருந்தது. 2024-இல் க்னோம் 46-உடன் அது மாறியது. அப்போது திரைமேல் ஒளி உணரி வைத்து எடுத்த அளவீடுகளில் விடிஇ டெர்மினல்கள் அலாக்ரிட்டிக்கு அருகில் வந்துவிட்டன. ஆகவே அதற்கு முன் எழுதப்பட்ட ‘க்னோம் டெர்மினல் மந்தம்’ என்ற தீர்ப்புகளைத் தேதி பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

பாய்வேகத்தை அடியோடு தள்ளிவிடலாமா? ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. போலி டிடிஒய் குழலின் கொள்ளளவு சிறியது. டெர்மினல் வாங்கத் தாமதித்தால் குழல் நிரம்பி, எழுதிக்கொண்டிருக்கும் நிரல் நின்றுவிடும். அப்படியானால் கம்பைல் செய்யும்போது மந்தமான டெர்மினல் வேலையைத் தாமதப்படுத்தாதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெரிய கம்பைலில் 20,000 வரி, வரிக்கு 100 எழுத்து வருவதாகக் கொள்வோம். மொத்தம் 20 லட்சம் எழுத்து, அதாவது 2 எம்பி. டெர்மினல் நொடிக்கு 10 எம்பி மட்டுமே விழுங்கும் சோம்பேறி என்றே வைத்துக்கொண்டாலும், அதனால் கூடுவது 0.2 நொடி. கம்பைல் ஆக ஐந்து நிமிடம். பல ஜிபி லாக் ஃபைலைத் திரையில் கொட்டினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அதைப் படிக்க ‘லெஸ்’ஸும் தேட ‘க்ரெப்’பும் இருக்கும்போது திரையில் கொட்டுவானேன்?

வெயிலுக்கு எத்தனை கட்டம்?

ஆங்கிலம் மட்டும் எழுதுபவர்கள் பல ஆண்டு டெர்மினலில் குடியிருந்தும் சந்திக்காத ஒரு சிக்கல் தமிழ் எழுதுபவர்களுக்கு முதல் நாளே வந்துவிடும். பிரவுசரில் அழகாகத் தெரியும் தமிழ், டெர்மினலில் ஏன் உடைகிறது? ஃபான்ட் சரியில்லை என்று பலரும் ஃபான்ட் மாற்றிப் பார்ப்பார்கள். டெஜாவு சான்ஸ் மோனோ போன்ற டெர்மினல் ஃபான்ட்களில் தமிழே கிடையாது, கணினி வேறெங்கோ கடன் வாங்கித்தான் காட்டுகிறது என்பது சரி. ஆனால் நோயின் வேர் ஃபான்டில் இல்லை.

‘வெயில்’ என்று ஒரு ஃபைலுக்குப் பெயர் வைக்கிறோம். கண்ணுக்கு மூன்று எழுத்து: வெ, யி, ல். யூனிகோடில் இது ஆறு குறிகள்: வ, ஒற்றைக்கொம்பு, ய, மேல்விலங்கு, ல, புள்ளி. வட்டில் ஒரு குறிக்கு 3 பைட் வீதம் 18 பைட். மூன்று, ஆறு, பதினெட்டு. மூன்றும் தெளிவான கணக்குகள். டெர்மினலுக்கு வேண்டியதோ நான்காவதாக ஒரு கணக்கு: இந்தச் சொல் எத்தனை கட்டம் பிடிக்கும்? விடி100-இன் திரை 80-க்கு 24 கட்டங்களாகப் பிரித்த பலகை. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. அந்த வேடம் கட்டியவர்களும் எதையும் கட்டங்களில்தான் எண்ணியாக வேண்டும்.

இதற்குப் பரவலாகப் புழங்கும் விதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் கூன் எழுதி இலவசமாகத் தந்த சிறு நிரலிலும், லினக்ஸின் அடிப்படை சி நூலகத்திலும் இருப்பது. யூனிகோடு தன் ஒட்டுக்குறிகளை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறது: தனக்கென்று இடம் எடுப்பவை, எடுக்காதவை. இடம் எடுக்காதவற்றுக்குச் சுழியம் கட்டம், எடுப்பவற்றுக்கு ஒன்று. தமிழில் புள்ளி இடம் எடுக்காத வகை. ஒற்றைக்கொம்பு இடம் எடுக்கும் வகை. மேல்விலங்கும் அப்படியே. ஆனால் ‘கீ’ என்ற எழுத்தின் மேலே வரும் சுழித்த விலங்கு இடம் எடுக்காத வகை! அதனால் ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரு கட்டம். குறில் நெடிலைவிட அகலம். எந்தத் தமிழ் வாத்தியாரும் ஒத்துக்கொள்ளாத இந்த முடிவு, யூனிகோடின் வகைப்பாட்டை அப்படியே அகலமாக எடுத்துக்கொண்டதன் விளைவு. இந்த விதிப்படி வெயில்: வ 1, கொம்பு 1, ய 1, விலங்கு 1, ல 1, புள்ளி 0. மொத்தம் 5.

பாஷ் இப்படித்தான் எண்ணுகிறது. வெயில் என்று அடித்துவிட்டு பேக்ஸ்பேஸால் அழித்தால் ஐந்து முறை தட்ட வேண்டியிருக்கும்: முதல் தட்டில் ‘ல்’ முழுதாகப் போகும், அடுத்த தட்டில் ‘யி’யின் விலங்கு மட்டும் கழன்று ‘ய’ நிற்கும், இப்படியே. சங்கடம்தான், ஆனாலும் சமாளிக்கலாம். பாஷும் டெர்மினலும் ஒரே எண்ணைச் சொல்லும்வரை திரை குழம்பாது. அதிகம் போனால் எழுத்துகளுக்கு நடுவே அசிங்கமாக இடைவெளி விழும்.

இரண்டும் வேறு எண்ணைச் சொன்னால்தான் வினை. 2024 டிசம்பரில் வெளிவந்த கோஸ்ட்டி, குறிகளைத் தனித்தனியே எண்ணுவதில்லை. கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் தொகுப்பை ஒரு கொத்தாக எடுத்துக்கொள்கிறது. வெ ஒரு கொத்து, யி ஒரு கொத்து, ல் ஒரு கொத்து. தமிழறிவுக்கு இதுதான் பொருத்தம். அதன் கணக்கில் வெயிலுக்கு மூன்று கட்டம். இப்போது கர்சரைச் சொல்லின் தொடக்கத்துக்குக் கொண்டுபோக ஹோம் விசையை அழுத்துகிறோம். தான் ஐந்து கட்டம் எழுதியிருப்பதாக நம்பும் பாஷ் “ஐந்து கட்டம் பின்னால் போ” என்கிறது. டெர்மினலோ மூன்று கட்டம்தான் எழுதியிருக்கிறது. சொன்ன சொல் தட்டாமல் ஐந்து போகிறது. உபுண்டுவில் பயனர் பெயரும் கணினிப் பெயரும் வந்து, ஒரு டாலர் குறியும் ஓர் இடைவெளியும் வைத்து அந்த வரி முடியும். கூடுதலாகப் போன இரண்டு கட்டம் அந்த இடைவெளியையும் தாண்டிக் கர்சரை டாலர் குறியின் மேலேயே நிறுத்திவிடும். அங்கே எதையாவது அடித்தால் டாலர் அழிந்து, பாஷ் ஒரு வரியை மனதில் வைத்திருக்க, திரை வேறொரு வரியைக் காட்டும். எந்த எழுத்தை அழிக்கிறோம் என்றே தெரியாமல் அழிக்க வேண்டிவரும். ஃபைலை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளைக்குப் பின்னால் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மொழியைச் சரியாகப் புரிந்துகொண்ட டெர்மினல்தான் நடைமுறையில் இடறுகிறது. தவறான விதியை இருவரும் சேர்ந்து பின்பற்றினால் திரை ஒழுங்காக இருக்கிறது; ஒருவர் மட்டும் திருந்தினால் கலைகிறது. கோஸ்ட்டியின் அமைப்பு ஃபைலில் பழைய முறைக்குத் திரும்ப ஒரு வரி வைத்திருப்பது இதனால்தான்.

எண்ணுவது ஒரு பாதி, வரைவது மறுபாதி. ஒற்றைக்கொம்பு யூனிகோடில் ‘வ’வுக்குப் பின்னால் வருகிறது, கண்ணுக்கு முன்னால் தெரிய வேண்டும். ‘யு’வில் ஒட்டுக்குறி எழுத்தோடு கலந்தே போய்விட வேண்டும். இந்த இட மாற்றத்தையும் சேர்க்கையையும் செய்வதை எழுத்துக்கோப்பு எனலாம். பிரவுசர்கள் இதற்கு ஹார்ஃபஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. கிட்டியும் ஃபுட்டும்கூட அதைப் பயன்படுத்துகின்றன. அலாக்ரிட்டி வேகத்தையும் எளிமையையும் முன்னிட்டு எழுத்துக்கோப்பைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தமிழருக்கு அதன் விலை, வ தனியாகவும் புள்ளிவட்டத்தோடு ஒரு கொம்பு தனியாகவும் நிற்பது. பல மொழி எழுத்துகளுக்கென்றே எழுதப்பட்ட எம்எல்டெர்ம் இந்திய எழுத்துகளையும் மனதில் வைத்து வளர்ந்தது. தோற்றத்தில் பழசு, தமிழ் ஃபைல்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுபவர் அதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

வேறு கணினிக்குள் போகும்போது

ஒத்துப்போகாமையின் இன்னொரு முகம் எஸ்எஸ்ஹெச்சில் வெளிப்படும். ஒவ்வொரு டெர்மினலும் தன்னை ஒரு பெயரால் அறிமுகம் செய்துகொள்ளும். எதிரே உள்ள நிரல் அந்தப் பெயரை ‘டெர்மின்ஃபோ’ என்ற பதிவேட்டில் தேடி, இதற்குத் திரையைத் துடைக்க எந்தத் தொடர், கர்சரை நகர்த்த எது என்று தெரிந்துகொள்ளும். க்னோம் டெர்மினலும் கான்சோலும் தங்களை எக்ஸ்டெர்ம் என்றே சொல்லிக்கொள்கின்றன. முழு உண்மையில்லைதான், ஆனால் உலகத்தில் எந்தச் சர்வருக்கும் அந்தப் பெயர் தெரியும். கிட்டி தன்னை எக்ஸ்டெர்ம்-கிட்டி என்று உண்மையாகச் சொல்கிறது. பழைய சர்வர் ஒன்றுக்குள் நுழைந்ததும் அங்குள்ள பதிவேட்டில் அப்படி ஒரு பெயர் இருக்காது. ‘தெரியாத டெர்மினல்’ என்று பதில் வரும், ‘கிளியர்’ வேலை செய்யாது, பேக்ஸ்பேஸ் தட்டினால் அழிவதற்குப் பதில் இடைவெளி விழும். கிட்டியை எழுதிய கோவித் கோயல், காலிபர் மின்னூல் மென்பொருளை எழுதிய அதே ஆள், இதற்கென்று ஒரு துணைக் கட்டளையைச் சேர்த்திருக்கிறார். எஸ்எஸ்ஹெச் தொடங்கும்போதே பதிவேட்டின் பக்கத்தை மறுபக்கத்துக்கு அது எடுத்துப் போகும். தன் சொந்தச் சர்வர் என்றால் நல்ல தீர்வு. அலுவலகத்தில் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் பழைய சர்வர்களில் பொய் சொல்லும் டெர்மினல்தான் நிம்மதி.

படம் காட்டும் வசதியிலும் இதே கதை. டெக் நிறுவனத்தின் காலத்திலேயே பிறந்த ‘சிக்ஸல்’ முறையை எக்ஸ்டெர்ம், ஃபுட், கான்சோல், எம்எல்டெர்ம் புரிந்துகொள்கின்றன. கிட்டி தனக்கென்று வேறு முறை வகுத்தது. தொழில்நுட்பமாக அது மேல், ஆனால் எல்லா இடத்திலும் செல்லாது. டெர்மினலுக்குள் படம் பார்க்கும் தேவை அன்றாடம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதே தனிக் கேள்வி.

நினைவகத்தைப் பற்றிய கவலை

இத்தனை சொல்லியும், எது குறைந்த ரேம் எடுக்கிறது என்று சொல்லவில்லையே என்று கேட்கலாம். சொல்லாததற்குக் காரணம், அந்த எண் பெரும்பாலும் ஏமாற்றும். க்னோம் டெர்மினலில் எத்தனை விண்டோ திறந்தாலும் பின்னால் ஓடுவது ஒரே நிரல். முதல் விண்டோ அதிகம் எடுக்கும், பத்தாவது விண்டோ கொஞ்சம்தான் கூட்டும். எக்ஸ்டெர்மில் ஒவ்வொரு விண்டோவும் தனி நிரல். ஒன்று சிறியது, பத்துத் திறந்தால் பத்தும் தனித்தனியே எடுக்கும். ஒன்றை மட்டும் திறந்து அளந்துவிட்டு எடுக்கும் முடிவு, பத்துத் திறப்பவருக்குப் பொருந்தாது. ஒரே நிரலாக இருப்பதிலும் ஒரு வினை உண்டு: அது செத்தால் எல்லா விண்டோவும் ஒன்றாகப் போகும். ஃபுட் இரண்டு விதமாகவும் ஓடும். தேர்வை நம்மிடமே விட்டுவிடுகிறது.

மேலே உருட்டிப் பார்க்கும் பழைய வரிகளும் கணக்கில் வரும். க்னோம் டெர்மினல் இயல்பாக 10,000 வரி வைத்துக்கொள்கிறது. வரம்பை எடுத்துவிட்டாலும் ரேம் நிரம்பாது, ஏனென்றால் விடிஇ பழைய வரிகளைச் சுருக்கி, மறையாக்கம் செய்து, தற்காலிக ஃபைலாக வட்டில் எழுதிவிடுகிறது. பழைய மடிக்கணினியில் 2 ஜிபி ரேமோடு தவிப்பவருக்கு மட்டும் எக்ஸ்டெர்மோ ஃபுட்டோ தரும் மிச்சம் பொருட்படுத்தத் தக்கது. மற்றவர்களுக்கு, பிரவுசரில் ஒரு டேப்பை மூடினாலே அதைவிட அதிகம் கிடைக்கும்.

எதைத்தான் வைத்துக்கொள்வது?

ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவர், தன் வழங்கலோடு வந்த டெர்மினலை மாற்றக் காரணமில்லை என்பதே என் முடிவு. க்னோமில் அதன் டெர்மினல், கேடிஇயில் கான்சோல், ஃபெடோராவின் புதிய பதிப்புகளில் ப்டிக்ஸிஸ். மறுமொழித் தாமதத்தில் இருந்த பழைய குறை இப்போது பெரிதாக இல்லை. அவை சொல்லும் பெயர் எல்லாச் சர்வருக்கும் தெரியும். விண்டோவைப் பிரிக்கவும் டேப் போடவும் ஏற்கனவே ‘டிமக்ஸ்’ பழகியவருக்கு அலாக்ரிட்டி அல்லது ஃபுட் பொருந்தும். அவற்றில் அந்த வசதி இல்லாதது அவருக்குக் குறையாகவே படாது. டெர்மினலைத் தன் கைக்கேற்ப நிரலாக்க விரும்புபவருக்கு கிட்டியும் வெஸ்டெர்மும் இருக்கின்றன.

தமிழ் எழுதுபவர் யாருடைய பட்டியலையும் நம்பாமல் தானே சோதிப்பது நல்லது. இரண்டு நிமிட வேலை. முதலில் ஐபஸ் வழியாகத் தமிழ் உள்ளே வருகிறதா என்று பாருங்கள். வேலேண்டுக்கு முந்தைய முறையான எக்ஸ்11-இல் கிட்டிக்கு இதற்கென்று ஒரு சூழல் மாறியைக் குறித்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கிலமே வந்துகொண்டிருக்கும். பிறகு ‘எக்கோ’ என்று அடித்து, வெயில், கொடி, யுகம் என்று மூன்று சொல் எழுதுங்கள். கொம்பு இடப்பக்கம் நிற்கிறதா, ‘யு’ சேர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணே சொல்லும். இனி ஹோம் விசையை அழுத்திப் பாருங்கள். கர்சர் ‘எக்கோ’வின் முதலெழுத்தில் நின்றால் பாஷும் டெர்மினலும் ஒரே கணக்கு. டாலர் குறியையும் தாண்டிப் போய்விட்டாலோ, அங்கு வந்து சேராமல் வழியிலேயே நின்றாலோ, அந்த டெர்மினலில் தமிழ்ப் பெயருள்ள ஃபைல்களை அழிக்கும் வேலை வேண்டாம். ஃபைல் மேலாளரில் செய்துகொள்ளலாம்.

கட்டக் கணக்கைச் சீராக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. கான்டூர் என்ற டெர்மினலிலிருந்து வந்த ‘2027-ஆம் முறை’ என்ற யோசனைப்படி, ஒரு நிரல் முதலில் டெர்மினலிடம் “கொத்தாக எண்ணத் தெரியுமா?” என்று எஸ்கேப் தொடரால் கேட்கும், ஆம் என்றால் இருவரும் அந்த முறைக்கு மாறிக்கொள்வார்கள். வெஸ்டெர்ம், ஃபுட், கோஸ்ட்டி மூன்றும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும். பைத்தானில் கட்டம் எண்ணும் பிரபலமான நூலகம் 2023-இல் தன் விதியை மாற்றி, தமிழ் உள்ளிட்ட எழுத்துகளின் ஒட்டுக்குறிகளைச் சுழியமாக எண்ணத் தொடங்கியது. அதன்படி வெயிலுக்கு மூன்று கட்டம். பாஷ் வரியைத் திருத்தப் பயன்படுத்தும் ரீட்லைன் நூலகமோ இன்னும் சி நூலகம் சொல்லும் ஐந்தையே நம்புகிறது. அதனால் இப்போதைக்கு ஒரே டெர்மினலுக்குள், பைத்தானில் எழுதிய கருவி போடும் அட்டவணை நேராகவும் அடுத்த வரியில் பாஷின் கர்சர் கோணலாகவும் நிற்கக்கூடும். வேறொரு டெர்மினலில் அப்படியே தலைகீழாக.